கனவில் யாரை ஸேவித்தேன்?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கடல் கடந்த தேசமொன்றில் வாழும் இளம் ஸ்ரீவைஷ்ணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு அடியேனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். குடியேற்ற அனுமதி முடிவாகாத நிலையில் அந்நாட்டை விட்டு வெளியேறினால் மறுபடி உள்ளே நுழைவது கடினம் என்பதால், ஆறு ஆண்டுகளாக அவர் திருவரங்கம் சென்று பெரிய பெருமாளை ஸேவிக்கவில்லை. இந்த ஏக்கத்தோடு இருந்தவர், கனவு காணும்போதே 'இது கனவு' என்று அறிந்திருக்கப் பழகலாம் என்றும், அவ்வாறு பழகியவர் தாம் விரும்பும் இடத்திற்குக் கனவிலே செல்லலாம் என்றும் கேள்விப்பட்டார். நேரில் செல்ல இயலாத ஸந்நிதிக்குக் கனவிலாவது நாள்தோறும் செல்லலாமே என்று எண்ணி அந்தப் பயிற்சியில் இறங்கினார்.

மேல்நாட்டார் இதனை 'லூசிட் ட்ரீம்' என்பர். நாம் இங்குத் தெளிகனவு என்று குறிப்போம். டச்சு நாட்டு மனநல மருத்துவர் ப்ரெடெரிக் வான் ஈடன் 1913ஆம் ஆண்டில் இச்சொல்லை வழக்கில் கொணர்ந்தார். இது வெறும் கற்பனை என்றே பலர் நெடுங்காலம் கருதினர். 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவரும், சில ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லாபெர்ஜ் என்பவரும் இதனைச் சோதித்தறிந்தனர். கனவு நிகழும் உறக்கத்தில் உடல் அசைவற்றுக் கிடக்கும். கண்கள் மட்டும் இமைக்குள் அசையும். ஆகவே, கனவென்று தெளிந்தவுடன் கண்களை இடமும் வலமுமாக இத்தனை முறை அசைப்பது என்று முன்னமே பேசிக்கொண்டு உறங்கியவர்கள் அவ்வாறே அசைத்துக் காட்டினர். கருவிகள் அதனைப் பதிவு செய்தன. 2021இல் நான்கு நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கனவு காண்பவரிடம் எட்டிலிருந்து ஆறு போனால் மீதம் எத்தனை என்று கேட்க, அவர் உறக்கத்திலிருந்தபடியே கண்ணசைவால் இரண்டு என்று விடை சொன்ன செய்தியும் உண்டு. எனவே இப்படியொரு நிலை உண்டா என்னும் ஐயத்திற்கு இடமில்லை.

பயிற்சியின் முறைகளும் எளியவை. விழித்தவுடன் கண்ட கனவை ஏட்டில் எழுதிவைப்பது. பகலில் பலமுறை 'இது கனவா, நனவா' என்று தன்னையே கேட்டு, கைவிரல்களை எண்ணியோ, எழுத்தை இருமுறை படித்தோ சோதிப்பது. உறங்கி ஐந்து மணி நேரம் கழிந்தபின் எழுந்து, 'அடுத்து வரும் கனவில் இது கனவென்று நினைவு கொள்வேன்' என்று உறுதி செய்துகொண்டு மீண்டும் படுப்பது. பகலில் பழகிய சோதனை ஒருநாள் கனவிலும் வரும். அங்கே விரல்கள் ஆறாகத் தெரியும். உடனே தெளிவு பிறக்கும்.

அந்த அன்பருக்கு மூன்றாம் மாதத்தில் அது வாய்த்தது. கனவென்று தெளிந்தார். 'திருவரங்கம்' என்று நினைத்தார். பெரிய பெருமாள் திருமுன்பே நின்றார். அடுத்து நிகழ்ந்ததை அவர் எழுதியபடியே சொல்கிறேன். "பெருமாள் அடியேன் பக்கம் திருமுகத்தைத் திருப்பிக் கடாக்ஷிக்க வேண்டும் என்று நினைத்தேன். திருப்பினார். மறுபடியும் என்று நினைத்தேன். மறுபடியும் திருப்பினார். அப்போதுதான் கவனித்தேன்: அவர் அணிந்திருந்த மாலை, என் மேசைமேல் இருக்கும் சித்திரப்படத்தில் உள்ள அதே மாலை. படத்தின் ஓரத்தில் நிறம் மங்கிய இடம்கூட அப்படியே மங்கியிருந்தது. மூன்றாம் முறை நினைக்க அச்சமாக இருந்தது. விழித்துவிட்டேன். ஸ்வாமி, அடியேன் ஸேவித்தது யாரை? செய்தது பகவத் அநுபவமா, அபசாரமா?"

இக்கேள்விக்கு உடனே விடை எழுத அடியேனுக்குத் துணிவு வரவில்லை. அவருடைய ஏக்கம் பொய்யன்று. அவருக்குப் பிறந்த அச்சமும் பொய்யன்று. இவ்விரண்டுக்கும் இடம் கொடுத்து, நம் பூர்வாசார்யர்கள் காட்டிய வழியிலே இதனை ஆராய்வது நம் அனைவர்க்குமே பயன்படும் என்று தோன்றுகிறது.

முதலில் கனவு என்பது என்ன என்று பார்ப்போம். ப்ரஹ்ம ஸூத்ரத்தில் மூன்றாம் அத்யாயம் இரண்டாம் பாதத்தின் தொடக்கத்திலுள்ள ஸந்த்யாதிகரணம் இதனையே ஆராய்கிறது. ஸந்த்யம் என்றால் சந்தி. நனவுக்கும் ஆழ்ந்த உறக்கத்துக்கும் நடுவே உள்ள இடமாதலால் கனவுக்கு அப்பெயர். ப்ருஹதாரண்யக உபநிஷத்து, கனவில் தேர்களோ குதிரைகளோ வழிகளோ இல்லாதிருக்க அவை அங்கே படைக்கப்படுகின்றன என்று கூறுகிறது. படைப்பவன் யார்? ஜீவனே என்பது பூர்வபக்ஷம். அது பொருந்தாது, படைப்பவன் பரமாத்மாவே என்பது ஸித்தாந்தம். உறங்குபவர்களுக்குள்ளே உறங்காமல் விழித்திருந்து, விரும்பப்படும் பொருள்களை ஒவ்வொன்றாக நிர்மாணிப்பவன் என்று கடோபநிஷத்து அவனையே சொல்கிறது.

இங்கு எம்பெருமானார் காட்டும் யுக்தி ஒன்று நம் கேள்விக்கு மிக அண்மையானது. நினைத்ததை நினைத்தபடி நடத்தும் ஸத்யஸங்கல்பத் தன்மை ஜீவனுக்கு இயல்பிலே உண்டு. ஆயினும் ஸம்ஸார நிலையில் அது மறைந்து கிடக்கிறது. மறைந்து கிடக்கும் ஆற்றலைக் கொண்டு அவன் கனவைப் படைக்க முடியாது. மேலும், கனவுகள் வரப்போகும் நன்மை தீமைகளைச் சுட்டுவன. ஜீவனே தன் விருப்பப்படி அவற்றைப் படைப்பானாகில் நல்லவற்றையே படைத்துக்கொள்வான். தனக்குத் தீமை காட்டும் கனவை எவன் படைப்பான்?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கனவுப் பொருள்கள் பொய் என்று ஸ்ரீபாஷ்யகாரர் கொள்வதில்லை. ஸூத்ரத்திலுள்ள 'மாயா' என்னும் சொல்லுக்கு வியப்பைத் தருவது என்றே அவர் பொருள் காட்டுகிறார். சிறிய அளவிலான புண்ய பாபங்களுக்குப் பயனாக, அவரவர் ஒருவர்க்கு மட்டுமே தெரிவனவாகவும், அந்தந்தப் பொழுது மட்டுமே நிற்பனவாகவும் ஈச்வரன் அவற்றைப் படைக்கிறான். அறைக்குள் படுத்திருப்பவன் கனவிலே வேறு தேசம் செல்வதும், முடிசூட்டப்படுவதும், தலை வெட்டப்படுவதும்கூட, படுத்திருக்கும் உடலையொத்த வேறோர் உடலை ஈச்வரன் படைத்துக் கொடுப்பதால் நிகழ்வன என்பது அவர் திருவுள்ளம்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, அந்த அன்பருடைய கனவுப் பயணம் வெறும் சூனியமன்று. அவருக்கு அங்கே நடந்து செல்லத் திருமேனி தந்து, கண் தந்து, காண ஒரு காட்சியும் தந்தவன் எம்பெருமான். இரண்டாவது, 'இது கனவு, ஆகவே பொய், ஆகவே இங்கு எதைச் செய்தாலும் கணக்கில்லை' என்னும் எண்ணம் நம் ஸித்தாந்தத்திற்குப் பொருந்தாது. திபெத்திய பௌத்தர்கள் தெளிகனவைப் பல நூற்றாண்டுகளாகப் பயின்று வருகின்றனர். கனவின் பொய்ம்மையைக் கண்டு, அதுபோலவே நனவும் பொய்த்தோற்றம் என்று தெளிவது அவர்களுடைய நோக்கம். நமக்கோ நனவும் மெய், கனவும் மெய். இரண்டும் அவன் இட்ட வழக்கு.

இதனால் ஒழுக்கம் பற்றிய கேள்வியொன்று எழுகிறது. வழக்கமான கனவிலே ஒருவன் பொய் சொன்னாலும் களவு செய்தாலும் அதற்காக அவனை யாரும் பழிப்பதில்லை. அங்கே அவன் அறிந்து துணிந்து செய்வது ஏதுமில்லை. பழைய வினையின் பயனை நுகர்கிறான், அவ்வளவே. தெளிகனவில் அந்த விலக்கு நில்லாது. அங்கே 'நான் இன்னான், இது கனவு, இதைச் செய்யப் போகிறேன்' என்னும் அறிவும் துணிவும் கூடியிருக்கின்றன. தடுப்பார் எவருமில்லை என்பதற்காகவே பலர் அந்நிலையை நாடுகின்றனர். விழிப்பில் செய்யக் கூசும் செயல்களை அங்கே கூசாமல் செய்கின்றனர். அறிந்து செய்யும் மானஸ கர்மம் கர்மமே என்று கொள்வதே பொருந்தும். பிறர் உடலுக்குத் தீங்கில்லை என்பது உண்மை. ஆனால் செய்பவனுடைய நெஞ்சு அங்கே பழகிய பழக்கத்தோடுதான் காலையில் எழுகிறது. பெருமாள் எழுந்தருளியிருக்கும் இடம் அந்த நெஞ்சன்றோ.

நம் அன்பர் அத்தகைய எதையும் செய்யவில்லை. அவர் விரும்பியது பெருமாளையே. ஆகவே அவருடைய கேள்வி இதனினும் நுட்பமானது: விஷயம் நல்லதாயிருக்க, வழியிலே குற்றம் உண்டாகுமோ?

இதற்கு விடை தேடும்போது, நம் ஸம்ப்ரதாயத்தில் கனவுக்குள்ள பெருமை நினைவுக்கு வருகிறது. கோதை சூடிய மாலையைக் கண்டு கோபித்து, வேறு மாலை கட்டி ஸமர்ப்பித்த பெரியாழ்வாருக்குக் கனவில் எழுந்தருளி, அவள் சூடிக் களைந்ததே நமக்கு உகப்பு என்றான் வடபெருங்கோயிலுடையான். காவிரிக் கரையில் தம்மை மறந்து நின்ற பாணரைக் கல்லால் எறிந்து விலக்கிய லோகஸாரங்க முனிவருக்கு, அவரைத் தோளிலே சுமந்து வா என்று கனவிலே நியமித்தான் அரங்கன். திருமண் தீர்ந்து வருந்திய எம்பெருமானாருக்கு, அது கிடைக்கும் இடத்தையும் தான் மறைந்திருக்கும் இடத்தையும் கனவிலே காட்டியருளினான் திருநாராயணன். ஸ்வாமி தேசிகனுடைய திருத்தாயார் தோதாரம்பை திருமலையிலே திருமணியை விழுங்கக் கனாக் கண்டதும் நாம் அறிந்ததே.

இக்கனவுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். இவற்றுள் எதுவும் கண்டவர் வருவித்துக்கொண்டது அன்று. அதனினும் முக்கியம், இவற்றுள் சில கண்டவருடைய எண்ணத்தை அடியோடு மாற்றியவை. சூடிய மாலை ஆகாது என்பது பெரியாழ்வாருடைய துணிவு. கனவு அதனைத் திருத்தியது. தாழ்ந்தவர் விலக வேண்டும் என்பது லோகஸாரங்கருடைய நடை. கனவு அதனைத் தலைகீழாக்கியது. அம்முனிவருக்குத் தெளிகனவுப் பயிற்சி கைவந்திருந்து, அன்றிரவு தாம் விரும்பிய கனவையே அவர் கண்டிருந்தால் என்னவாகியிருக்கும்? அரங்கன் திருமுன்பே தாம் தீர்த்தக் குடத்தோடு நிற்பதைக் கண்டு மகிழ்ந்திருப்பார். கல்லெறிந்த கை கல்லெறிந்த கையாகவே இருந்திருக்கும். அமலனாதிபிரான் என்னும் திவ்யப்ரபந்தம் நமக்குக் கிடைத்த வரலாறும் வேறாயிருக்கும்.

நாம் ஆளும் கனவில் நம்மைத் திருத்துபவர் எவருமிலர். இதுவே அடியேனுக்கு விளங்கிய குறை. அங்கே வருவது நாம் முன்னமே அறிந்தது, முன்னமே விரும்பியது, மேசைமேல் உள்ள படம். அந்த மாலையின் நிறம் மங்கிய ஓரத்தை அவர் கண்டது வீணன்று. தம் நெஞ்சின் எல்லை எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தையே அவர் கண்டார்.

ஆண்டாளுடைய கனவை இவ்விடத்தில் அநுஸந்திக்க வேண்டும். நாச்சியார் திருமொழியின் ஆறாம் திருமொழியிலே, தான் கண்ட திருமணக் கனவைத் தோழிக்கு உரைக்கிறாள். பத்துப் பாசுரங்களிலும் தான் கண்டதாகச் சொல்கிறாளேயன்றி, தான் செய்வித்ததாக ஒன்றும் சொல்லவில்லை. யானைகள் சூழ அவன் வருகிறான்; ஊரார் தோரணம் நாட்டுகின்றனர்; இந்திரன் முதலான தேவர்கள் பெண் பேசுகின்றனர்; அந்தரி மணமாலை சூட்டுகிறாள்; அந்தணர் தீர்த்தம் கொணர்ந்து காப்புக் கட்டுகின்றனர்; முத்துப்பந்தலின்கீழ் அவன் கைபற்றுகிறான்; அவள் காலைத் தன் கையால் எடுத்து அம்மிமேல் வைக்கிறான்; உடன்பிறந்தார் பொரி இடுகின்றனர். முதல் முதல் முடிவு வரை அவளுக்குச் செய்யப்படுகிறதே தவிர, அவள் ஏற்பாடு செய்வது ஒன்றுமில்லை. நினைத்தால் எதையும் நடத்தவல்ல பூமிப்பிராட்டியின் அவதாரமே இப்படிக் கனாக் கண்டாள். பாரதந்த்ர்யம் என்னும் சொல்லுக்கு இதைவிட இனிய உரை வேண்டுமோ?

அக்கனவு அவளுக்குத் திருப்தியைக் கொடுத்து முடிந்துவிடவும் இல்லை. அடுத்த திருமொழியிலேயே வெண்சங்கை நோக்கி அவன் திருவாயின் சுவையையும் மணத்தையும் கேட்கத் தொடங்குகிறாள். அவன் தந்த கனவு பசியை வளர்த்தது. தெளிகனவின் நோக்கமோ பசியை அந்தந்த இரவிலே ஆற்றிக்கொள்வது. நாள்தோறும் நினைத்தபோது ஸேவை கிட்டுமாகில், திருவரங்கத்துக்காக ஏங்கும் ஏக்கமே மெல்ல மெல்ல அவிந்துவிடாதோ?

இங்கு ஒரு தடை எழலாம். அர்ச்சாவதாரத்தில் எம்பெருமான் அடியார்களுக்கு வசப்பட்டே இருக்கிறானே. அர்ச்சகர் எழுப்ப எழுந்து, அமுது செய்விக்க அமுது செய்து, கதவடைக்கக் கண்வளர்கிறானே. அடியார் உகந்த உருவமே அவன் உருவம் என்று முதலாழ்வார்கள் அருளிச்செய்தார்களே. திருவெஃகாவிலே திருமழிசைப்பிரான் சொன்னபடி பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றானே. சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்று திருநாமமும் பெற்றானே. அப்படியிருக்க, ஓர் அடியவன் நினைத்தபடி கனவிலே திருமுகத்தைத் திருப்பினால் குற்றம் என்ன?

நல்ல தடை இது. ஆனால் திருவெஃகாவில் நடந்ததை முழுதும் பார்க்க வேண்டும். ஆழ்வார் தாம் அநுபவிப்பதற்காக அவனை அழைக்கவில்லை. சிஷ்யரான கணிகண்ணனை அரசன் நாடு கடத்தினான். அவர் போகிறார், அவரோடு நானும் போகிறேன், நீயும் கிடக்க வேண்டா என்றார். அரசன் பிழை உணர்ந்ததும், மறுபடி கிடக்கலாம் என்றார். ஓர் அடியவர்க்கு நேர்ந்த அநீதியைப் பொறாத நெஞ்சிலிருந்து பிறந்த சொல் அது. அந்த நெஞ்சிலே அவன் திருவுள்ளத்திற்கு மாறான விருப்பம் ஏதுமில்லாமையால், ஆழ்வார் சொல்லும் அவன் ஸங்கல்பமும் ஒன்றாயின. அர்ச்சகருடைய கையும் அப்படியே. அது ஆகமம் சொன்ன முறைக்கும் காலத்துக்கும் கட்டுப்பட்ட கை. நமக்கோ கோயிலிலே வரிசை உண்டு, திரை உண்டு, கதவடைக்கும் நேரம் உண்டு. ஆயிரம் காதம் வந்தும் ஸேவையாகாமல் திரும்புவதும் உண்டு. அந்தத் திரையே, அங்கே இருப்பவன் நம் நெஞ்சின் ஆக்கம் அல்லன், நமக்குப் புறம்பே தானாக நிற்கும் ஸ்வாமி என்று நமக்குக் கற்பிக்கிறது. வசப்பட்டிருப்பது அவனுடைய நீர்மை. வசப்படுத்துவது நம்முடைய முறையன்று.

அசோகவனத்துப் பிராட்டியையும் நினைக்கலாம். தெளிகனவு பழகுவோர் செய்யும் அதே சோதனையைப் பிராட்டி செய்தாள். சிம்சுபா மரத்தின்மேல் திருவடியைக் கண்டவுடன், இது கனவோ என்று ஐயுற்றாள். துக்கத்தால் எனக்கு உறக்கமே இல்லையே, கனவு எப்படி வரும் என்று தானே தெளிந்தாள். கனவிலாவது பெருமாளைக் கண்டால் தரிப்பேன், கனவும் என்னிடம் பொறாமை கொண்டதே என்று வருந்தியதாகவும் வால்மீகி பகவான் பாடுகிறார். திருவாய்மொழி ஐந்தாம் பத்தின் நான்காம் திருவாய்மொழியில் பராங்குச நாயகியின் நிலையும் இதுவே. ஊரெல்லாம் உறங்க அவளுக்கு மட்டும் உறக்கமில்லை, ஆகவே கனவும் இல்லை. இவ்விருவரும் கனவு வரப்பெறாமையைத் தங்கள் ஆற்றல் குறைவாக எண்ணி அதற்கொரு பயிற்சி தேடவில்லை. வராமையும் அவன் செயலே என்று கிடந்தார்கள். பிராட்டிக்கு வந்த விடையோ, அவள் ஒருகாலும் எதிர்பாராத ஒரு குரங்கின் வடிவில் வந்தது. நாமே வரவழைப்பதில் திருவடிக்கு இடமேது?

இனி, கனவை ஆளும்போது பிறக்கும் பேரானந்தம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதனை வெறும் அஹங்காரம் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. முக்தனுக்கு நினைத்த மாத்திரத்தில் எல்லாம் கைகூடும் என்று சாந்தோக்ய உபநிஷத்து கூறுகிறது. பித்ருக்களைக் காண நினைத்தால் அவர்கள் எதிரே வந்து நிற்பர். மறைந்து கிடந்த ஸத்யஸங்கல்பத் தன்மை அங்கே மலர்கிறது. கனவிலே 'திருவரங்கம்' என்று நினைத்தவுடன் அங்கே நின்றபோது அவ்வன்பர் சுவைத்தது, தம் ஆத்மாவின் இயற்கைச் செல்வத்தின் ஒரு நிழலை. அந்தப் பசி நியாயமான பசி. ஆனால் முக்தன் விரும்புவது என்ன? ஸ்வாமியின் உகப்பை. அவனுடைய ஸங்கல்பம் அவ்வுகப்பினின்றும் ஒருகாலும் விலகாது. உலகை ஆக்கி அளித்து அழிக்கும் வியாபாரம் அவனுக்கில்லை என்றும் ஸூத்ரகாரர் வரையறுத்தார். உகப்பு அறியுமுன் ஆற்றலை மட்டும் கையிலெடுப்பது, பட்டாபிஷேகத்துக்கு முன் சிறுபிள்ளை சிங்காசனத்தில் ஏறி விளையாடுவது போன்றது. தந்தை பொறுப்பார், ஆயினும் அது அரசாட்சியன்று.

ஆகில் உறக்கத்தில் நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லையோ? உண்டு. படுக்கும்போது பத்மநாபனையும் தீய கனவில் கோவிந்தனையும் நினைக்கச் சொல்கிறது நாம் சிறுவயதிலே கற்ற ஸ்தோத்ரம். தீய கனவைப் போக்குபவன் என்பது ஸஹஸ்ரநாமத்தில் அவனுக்குள்ள திருநாமங்களுள் ஒன்று. கஜேந்த்ர மோக்ஷத்தை அநுஸந்திப்பது துஸ்வப்நத்தைக் கெடுக்கும் என்று பெரியோர் கூறுவர். கொடுங்கனவுகளால் இரவுதோறும் துன்புறுவோர், 'இது கனவு' என்று அறிந்து அச்சம் நீங்க இப்பயிற்சியை மருத்துவர் துணையோடு மேற்கொள்வதில் அடியேனுக்குக் குறை தோன்றவில்லை. நோய்க்கு மருந்துண்பது போன்றது அது. இரவில் வேண்டுமென்றே உறக்கத்தைக் கலைத்துக்கொள்வது உடலுக்கும் காலை அநுஷ்டானத்துக்கும் இடையூறு என்பதை மட்டும் மறக்கலாகாது.

பாஞ்சராத்ரம் ஒரு நாளை அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என்று ஐந்தாகப் பகுத்தது. ஐந்தாவதான யோகம் இரவுக்கு உரியது. அவனை நினைத்தபடியே கண் மூடுவதும், எழும்போது ஹரி என்று எழுவதும் அதன் இரு கரைகள். நடுவே உள்ள நீர் அவனுடையது. உறங்குவது போலத் தோன்றி யோகம் செய்பவன் அவன் ஒருவனே என்று நம்மாழ்வார் முற்கூறிய திருவாய்மொழியின் முடிவில் அருளுகிறார். உறக்கத்திலும் விழித்திருக்கும் பொறுப்பை அவன் ஏற்றுக்கொண்டான். அந்த இடத்தில் நாம் அமர வேண்டுவதில்லை என்பதுதான் நமக்கு உறக்கம் என்னும் இளைப்பாறலையே தருகிறது.

அந்த அன்பருக்கு அடியேன் எழுதிய விடை சுருக்கமானது. "தேவரீர் ஸேவித்த காட்சியைப் படைத்தவன் எம்பெருமான், ஆகவே அதனை இகழ வேண்டா. ஆனால் தேவரீர் திருப்பியது அவன் திருமுகத்தை அன்று. மேசைமேல் உள்ள படத்தை. அவ்வாறு திருப்பும்படி இடம் கொடுத்த பொறுமை மட்டும் அவனுடையது. அந்தக் கனவில் எல்லாம் தேவரீர் நினைத்தபடி நடந்தன, ஒன்றைத் தவிர. மூன்றாம் முறை நினைக்க விடாத அச்சத்தைத் தேவரீர் நினைக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பாரும். லோகஸாரங்கரைத் திருத்திய குரல் அதுவாக இருக்கலாம். அபசாரம் என்று அஞ்ச வேண்டா. அஞ்சிய அந்தக் கணமே தேவரீர் கண்ட ஸேவை. இனிப் படுக்கும்போது ஸங்கல்பம் செய்ய வேண்டா, விண்ணப்பம் செய்யும். வருவதும் வாராமையும் அவனிட்ட வழக்காக இருக்கட்டும்."

அவர் பதில் எழுதினார். பயிற்சியை விட்டுவிட்டதாகவும், கனவுகளை எழுதிய ஏட்டின் மீதிப் பக்கங்களில் நாள்தோறும் ஒரு பாசுரமும் அதன் பொருளும் எழுதி வருவதாகவும் தெரிவித்தார். பெருமாள் கனவில் எழுந்தருளினாரா என்று அடியேன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. திருவரங்கத்துக்காக முன்னிலும் அதிகமாக ஏங்குவதாக மட்டும் எழுதியிருந்தார்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன்,
ராமாநுஜ தாஸன்